நாளம் வழியே உணவு ஏறும் நாட்களில் குடலுக்கு என்ன கொடுப்பது?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. வெள்ளவத்தையைச் சேர்ந்த அம்மாவுக்கு 61 வயது, இப்போது வைத்தியசாலை வாட்டில் இருக்கிறார். குடலில் அறுவைச் சிகிச்சை நடந்து, தையல் போட்ட இடம் கசிந்து, இப்போது வயிற்றுத் தோலில் ஒரு துவாரம் விழுந்து அதன் வழியாகக் குடல் நீர் வெளியேறுகிறது. 12 நாட்களாக வாயால் எதுவும் இல்லை. கழுத்தில் போட்ட குழாய் வழியாக வெள்ளை நிறப் பையில்தான் சாப்பாடு ஏறுகிறது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா குளூட்டமின் தூள் ஒரு டப்பாவும் புரோபயோட்டிக் (உயிருள்ள பற்றீரியா அல்லது ஈஸ்ட்) குளிசைகளும் அனுப்பியிருக்கிறார். "குடல் சும்மா கிடந்தால் சுருங்கிப் போய்விடும் என்கிறார்கள். இவற்றைக் கொடுக்கலாமா? வேறு என்ன வாங்க வேண்டும்?"

இதில் இரண்டு விஷயம் கேட்கப்படுகிறது. நாளத்தில், அதாவது இரத்தக் குழாயில், உணவு ஏறும்போது குடல் நிஜமாகவே கெட்டுப்போகிறதா என்பது ஒன்று. கடையில் வாங்கக்கூடிய ஏதாவது ஒன்றால் அதைத் தடுக்க முடியுமா என்பது மற்றது. முதலாவதற்கு என் பதில்: கொஞ்சம் கெடுகிறது, பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை, திரும்பி வரக்கூடியது. இரண்டாவதற்கு: உங்கள் கையில் இருக்கும் இரண்டையும் இப்போது திறக்காதீர்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். கொழும்பில் சத்திரசிகிச்சை வாட்டுகளிலும் ஐ.சி.யூ.விலும் போசணை ஆலோசகராகப் 19 வருடம் வேலை செய்தவன் நான். சத்திரசிகிச்சை நிபுணன் இல்லை, உங்கள் அம்மாவின் கோப்பையும் பார்த்ததில்லை. அதனால் எந்தத் துவாரம், எவ்வளவு நீளக் குடல் மிச்சம், சிறுநீரகம் எப்படி என்பதைப் பொறுத்த முடிவுகளை இங்கே எடுக்க மாட்டேன். அவற்றை வாட்டில் யாரிடம், எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன்.

நாளம் வழியே முழு உணவும் கொடுப்பதை நாங்கள் வாட்டில் ரி.பி.என். என்போம். 1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக் என்ற டொக்டரும் அவருடைய குழுவினரும் நாய்க்குட்டிகளுக்கு வாயால் எதுவும் கொடுக்காமல் நாளம் வழியே மட்டும் உணவு கொடுத்து, அவை சாதாரணமாக வளர்வதைக் காட்டினார்கள். அதற்கு முன்பு குடல் வேலை செய்யாதவர் பட்டினியால் மெலிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி பெரிதாக இருக்கவில்லை. அதனால் அந்த வெள்ளைப் பையை எதிரியாகப் பார்க்காதீர்கள். துவாரம் ஆறும்வரை உங்கள் அம்மாவின் தசையையும் காயத்தையும் தாங்கிப் பிடிப்பது அதுதான்.

சரி, குடல் என்ன ஆகிறது? சிறுகுடலின் உட்தோல் உடம்பிலேயே வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்களில் ஒன்று. மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் பழைய கலங்கள் உதிர்ந்து புதியவை வந்துவிடும். அந்த வேலைக்கான சத்தில் ஒரு பகுதி இரத்தத்தில் இருந்தும் ஒரு பகுதி குடலுக்குள் வந்து விழும் உணவில் இருந்தும் கிடைக்கிறது. பெருங்குடலின் கதை வேறு. அங்கே கலங்கள் எரிபொருளாக எடுப்பது பெரும்பாலும் பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பமிலங்களை. நாம் சாப்பிடும் நார்ச்சத்தை அங்கே வாழும் பற்றீரியாக்கள் புளிக்க வைப்பதால் அவை உண்டாகின்றன. உள்ளே எதுவும் வராவிட்டால் அந்தச் சமையல் நின்றுவிடும். உணவு தொடும்போது சுரக்கும் ஓமோன்களும் குறையும். அதில் ஒன்றுதான் பித்தப்பையைச் சுருங்க வைப்பது. அது சுரக்காததால் பித்தம் தேங்கி மண்டியாகும். ஆறு வாரத்துக்கு மேல் வாயால் ஒன்றுமில்லாமல் இருந்தவர்களை ஸ்கேன் செய்தபோது ஏறக்குறைய எல்லோருக்கும் அந்த மண்டி இருந்தது. இவ்வளவும் உறுதியாகத் தெரிந்தவை.

எலிகளில் இந்த மாற்றம் கண்கூடாகத் தெரியும். சில நாட்களிலேயே குடல் விரல்முளைகள் (உட்சுவரில் உணவை உறிஞ்சும் நுண்ணிய முளைகள்) குட்டையாகிவிடும், குடலுக்குள் இருக்கும் பற்றீரியா சுவரைத் தாண்டி நிணநீர்க் கணுக்களுக்குப் போகும். இணையத்தில் நீங்கள் வாசித்த பயங்கரங்கள் பெரும்பாலும் இங்கிருந்து வந்தவை. மனிதர்களில் அப்படி இல்லை. நோயில்லாத தன்னார்வலர்களுக்கு இரண்டு வாரம் ரி.பி.என். மட்டும் கொடுத்துப் பார்த்தபோது குடல் உட்தோல் கொஞ்சம் மெலிந்தது, சுவர் கொஞ்சம் அதிகமாகக் கசிந்தது, அவ்வளவுதான். பற்றீரியா சுவரைத் தாண்டுவதுதான் மனிதர்களில் கிருமித் தொற்றுக்குக் காரணம் என்பது இன்னும் சந்தேகத்துக்குரிய விஷயம். 2014இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 2,400 ஐ.சி.யூ. நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதல் ஐந்து நாளும் நாளம் வழியாகவும் மறு பாதிக்குக் குடல் வழியாகவும் உணவு கொடுத்தார்கள். 30 நாளில் இறந்தவர்களின் விகிதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே 12 நாள் சும்மா கிடந்த குடல் செத்துப்போய்விட்டது என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டு இரவு முழுக்க அழாதீர்கள். மறுபடி உணவு தொட ஆரம்பித்ததும் அது வளரும்.

இனி அண்ணா அனுப்பிய தூள். குளூட்டமின் ஓர் அமினோ அமிலம். சிறுகுடல் கலங்கள் அதை விரும்பி எரிக்கின்றன என்பது 1970களிலேயே தெரிந்தது. பெரிய அறுவைச் சிகிச்சை, கடும் தொற்று என்றால் இரத்தத்தில் அதன் அளவு விழுவதும் தெரியும். அது கரைசலில் நீண்ட நாள் நிலைக்காது, சிதையும். அதனால் வழக்கமான ரி.பி.என். பைகளில் அது இருக்காது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 'அப்படியானால் குளூட்டமின் கொடுத்தால் நல்லதுதானே' என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. பல வருடம் நானே பரிந்துரைத்திருக்கிறேன். பிறகு 2013இல் கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட ரெடொக்ஸ் ஆய்வு வெளிவந்தது. பல உறுப்புகள் செயலிழந்து சுவாச இயந்திரத்தில் இருந்த 1,223 பேர். அதிக அளவு குளூட்டமின் பெற்றவர்களில் வைத்தியசாலையில் இறந்தவர்கள் 37.2 சதவீதம். பெறாதவர்களில் 31 சதவீதம். அந்தக் கட்டுரையை வாசித்த வாரமே எங்கள் பட்டியலில் இருந்த குளூட்டமின் நோயாளிகள் ஒவ்வொருவரையும் திரும்பப் பார்த்தோம். 2022இல் 1,200 தீக்காய நோயாளிகளில் செய்த இன்னொரு ஆய்விலும், அங்கேயாவது உதவும் என்று நம்பியிருந்தது நடக்கவில்லை.

உங்கள் அம்மா ஐ.சி.யூ.வில் இல்லை, சுவாச இயந்திரத்திலும் இல்லை. ஆகவே அந்த எண்கள் அவருக்கு அப்படியே பொருந்தாது என்று நீங்கள் சொல்லலாம், அது நியாயம்தான். நிலையாக இருக்கும் நோயாளிக்கு ஓரளவு குளூட்டமின் தீங்கு செய்யும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. நன்மை செய்யும் என்பதற்கும் இல்லை. ஆனால் ஈரல் அல்லது சிறுநீரகம் தடுமாறினால் நிலைமை மாறிவிடும். தூளில் உள்ள நைதரசனின் பெரும்பகுதி யூரியாவாக அவற்றின் தலையில்தான் விழும். அதைவிட எளிமையான ஒரு காரணமும் இருக்கிறது. வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று டொக்டர் எழுதியிருந்தால், தூளைக் கரைத்த தண்ணீரும் அந்த 'ஒன்றும்'இல் அடக்கம். துவாரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உள்ளே ஊற்றும் எதுவும் அதன் வழியாக வெளியே வந்து தோலைப் புண்ணாக்கலாம்.

புரோபயோட்டிக் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நான் ஒரு தடவை பார்த்தது மனதைவிட்டுப் போகவில்லை. எந்த வைத்தியசாலை என்பது முக்கியமில்லை. கட்டிலின் ஓரத்தில் ஒரு மகன் உட்கார்ந்து ஈஸ்ட் வகைப் புரோபயோட்டிக் பக்கெற்றைப் பல்லால் கிழித்தார். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. தூள் புகை மாதிரி எழும்பித் தலையணையில் படிந்தது. மிச்சத்தைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டு, அதே விரல்களால் அப்பாவின் கழுத்தில் கழன்று நின்ற பிளாஸ்ரரை அன்பாக அழுத்தி ஒட்டிவிட்டார். பிளாஸ்ரருக்குக் கீழே இருந்தது நேராக இதயத்துக்கு அருகே போய் முடியும் குழாய். அவரை வெளியே கூட்டிப்போய்க் கையைக் கழுவ வைத்தேன். குழாய் வாயைத் தாதி மறுபடி சுத்தம் செய்தார். அந்த நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் இதே வழியில் சக்கரோமைசிஸ் புலார்டி என்ற அந்த ஈஸ்ட் இரத்தத்தில் வளர்ந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த, அந்த மருந்தை வாயிலேயே போடாதவருக்கும் வந்திருக்கிறது. 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை, கழுத்திலோ மார்பிலோ மத்திய நாளக் குழாய் உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று எச்சரித்தது.

ஈஸ்ட் இல்லை, பற்றீரியாக் குளிசைதான் என்றாலும் என் பதில் மாறாது. 2008இல் நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் பல வகைப் பற்றீரியாக் கலவை கொடுத்துப் பார்த்தார்கள். தொற்று குறையவில்லை. இறந்தவர்கள் கலவை பெற்றவர்களில் 16 சதவீதம், பெறாதவர்களில் 6 சதவீதம். கலவை பெற்றவர்களில் ஒன்பது பேருக்குக் குடலுக்கான இரத்த ஓட்டம் நின்று குடல் பழுதானது. மற்றப் பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை. 2021இல் 2,650 ஐ.சி.யூ. நோயாளிகளிடம் லக்டோபசிலஸ் வகை ஒன்றைச் சோதித்தார்கள். எதிர்பார்த்த நன்மை கிடைக்கவில்லை. அதே பற்றீரியா, இரத்தம் போன்ற கிருமியே இருக்கக்கூடாத இடங்களிலோ, வேறு இடத்தில் முக்கியக் கிருமியாகவோ வளர்ந்து சிக்கலானது குளிசை பெற்ற பக்கத்தில் 15 பேருக்கு, மறுபக்கத்தில் ஒருவருக்கு. வீட்டில் எழுந்து நடமாடும் ஒருவருக்குத் தயிர் நல்லது. கழுத்தில் குழாயும் கசியும் குடலும் உள்ளவருக்கு உயிருள்ள கிருமி ஒரு பந்தயம். அம்மாவை வைத்து அதை ஆடாதீர்கள்.

அப்படியானால் எதைக் கவனிப்பது? யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பை மூன்று அறைகளாக வரும். ஒன்றில் குளுக்கோஸ், ஒன்றில் அமினோ அமிலம், ஒன்றில் கொழுப்பு. தாதி அதை மேலிருந்து சுருட்டி அழுத்தும்போது தடுப்புகள் விட்டு மூன்றும் கலந்து பால் நிறமாகும். அதில் உப்புகள் இருக்கலாம். ஆனால் விற்றமின்களும் துத்தநாகம், செலேனியம், செம்பு போன்ற சுவட்டுத் தாதுக்களும் இருக்காது. நீண்ட நாள் கெடாமல் நிற்காது என்பதால் அவற்றைத் தனியாக, தினமும் சேர்க்க வேண்டும். விற்றமின் பி1 இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் வாரக்கணக்கில் ஏறினால் இரத்தம் அமிலமாகி உயிரே போகலாம், இது நடந்திருக்கிறது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எதை யாருக்கு ஒதுக்குவது என்று நாங்கள் தினம் கணக்குப் பார்த்த நாட்கள் உண்டு. அப்போது நான் கடைசிவரை விட்டுக்கொடுக்காதது இந்தச் சின்னக் குப்பிகளைத்தான். ஆகவே 'இன்றைய பையில் விற்றமினும் சுவட்டுத் தாதும் சேர்த்தாயிற்றா?' என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. இல்லை, ஸ்ரொக் முடிந்துவிட்டது என்றால் எழுதி வாங்கிக்கொண்டு பாமசிக்குப் போங்கள். அண்ணா அனுப்பும் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு இல்லை. ஒன்று மட்டும் கவனம்: வாங்கிக் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. பைக்குள் எதையும் வெளியார் சேர்க்கக்கூடாது.

துத்தநாகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துவாரம் உள்ளவர்கள் அதை வாளியாக இழக்கிறார்கள். சிறுகுடல் நீர் ஒரு லீற்றர் வெளியே போனால் சுமார் 12 மில்லிகிராம் துத்தநாகம் கூடவே போகும். ரி.பி.என்.இல் வழக்கமாகச் சேர்க்கும் ஒரு நாள் அளவு 3 முதல் 5 மில்லிகிராம்தான். கணக்குத் தெரிகிறதா? குறைந்தால் வாயைச் சுற்றியும் விரல்களிலும் சிவந்த தோல் வெடிப்பு, சுவை தெரியாமை, ஆறாத காயம், அதோடு வயிற்றுப்போக்கும் வரும். அதைப் பார்த்துக் 'குடல் கெட்டுவிட்டது' என்று நினைத்தவர்கள் உண்டு. துத்தநாகம் கூட்டியதும் நின்றது. துவாரப் பையில் ஒரு நாளைக்கு எவ்வளவு சேருகிறது என்ற எண்ணைத் தாதியிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். டொக்டரோ போசணை ஆலோசகரோ அளவைத் தீர்மானிக்க அந்த எண் வேண்டும்.

குடலுக்கு நிஜமான மருந்து குடலுக்குள் விழும் உணவுதான், அதுவும் மிகக் கொஞ்சம் போதும். மணிக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர். இரண்டு முதல் நான்கு தேக்கரண்டி. இந்த அளவில் உடம்புக்குச் சாப்பாடு ஆகாது, ஆனால் குடல் உட்தோலுக்கு வேலை கிடைக்கும், ஓமோன் சுரக்கும், பித்தப்பை அசையும். அதனால் ஒவ்வொரு காலையும் ரவுண்ட் வரும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த சப்ளிமென்ற் கொடுக்கலாம்?' என்பதற்குப் பதிலாக, 'இன்றைக்குக் குடல் வழியாக எத்தனை மில்லிலீற்றர் கொடுக்கலாம்?' என்பதாக இருக்கட்டும். பதில் பூச்சியமாகவும் இருக்கலாம். குடல் அடைப்பு, தொற்று கட்டுப்படாமை, இரத்த அழுத்தம் விழுதல், துவாரம் மேல் குடலில் இருந்து அதிகம் கொட்டுதல் என்று அதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. இரத்த அழுத்தம் விழுந்து கிடக்கும்போது வற்புறுத்திக் குடலுக்கு உணவு கொடுத்தால் குடல் பழுதாகும் ஆபத்து கூடுவதும் ஆய்வில் தெரிந்ததுதான். ஆனால் காரணம் தீர்ந்த பிறகும் பழக்கத்தால் 'வாயால் ஒன்றும் இல்லை' என்ற அட்டை கட்டிலில் தொங்கிக்கொண்டே இருப்பதுண்டு. அந்த அட்டையை ஒவ்வொரு நாளும் ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். சில இடங்களில் துவாரத்துக்குக் கீழே உள்ள குடலுக்குள் குழாய் போட்டு அதன் வழியே உணவு கொடுப்பதும் உண்டு. உங்கள் அம்மாவுக்கு அது சாத்தியமா என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர் மட்டும்தான் சொல்ல முடியும்.

ரி.பி.என். மாதக்கணக்கில் நீளும் என்றால் ஈரலையும் பார்க்க வேண்டும். முழுக்க சோயா எண்ணெய் கொழுப்பை விட, சோயா 30, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு 30, ஒலிவ் 25, மீன் எண்ணெய் 15 சதவீதம் என்று கலந்து வரும் வகையை அப்போது பலரும் விரும்புகிறோம். பன்னிரண்டாம் நாளில் அதற்காக அலைய வேண்டாம்.

அப்புறம், பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் செவ்விளநீர். வாயால் கொடுக்க அனுமதி வந்த பிறகும் இதில் கவனம் வேண்டும். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. மேல் குடலில் துவாரம் உள்ளவர் சோடியம் இல்லாத திரவத்தை நிறையக் குடித்தால், குடல் தன் உப்பையும் சேர்த்து வெளியே தள்ளும். குடிக்கக் குடிக்க இன்னும் வறளும். வெறும் தண்ணீரும் அப்படித்தான். அவருக்கு ஏற்றது ஜீவனி மாதிரியான, உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த கரைசல். எந்தக் கரைசல், எவ்வளவு என்பதை வாட்டில் சொல்வார்கள்.

உங்கள் கையால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வாயால் சாப்பிடாதவரின் வாய் காய்ந்து வெடித்து, உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கவும் கூடும். அதனால் காலையும் மாலையும் மென்மையான பிரஷால் பல்லையும் நாக்கையும் துலக்கி, நனைத்த துணியால் உதட்டைத் துடைத்துவிடுங்கள். அனுமதி இருந்தால் கட்டிலில் இருந்து இறக்கி வாட்டு வாசல்வரை நடக்க வையுங்கள். படுத்தே கிடக்கும் உடம்பில் குடலும் மந்தமாகும். கழுத்துக் குழாயைத் தொடாதீர்கள், மற்றவர்களையும் தொட விடாதீர்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், குறிப்பாகப் பை ஏற ஆரம்பித்த சிறிது நேரத்தில் வந்தால், விடியும்வரை காத்திருக்காமல் உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.

தூள் டப்பாவை மூடியபடியே அலுமாரியில் வையுங்கள். காலாவதித் திகதி தூரத்தில் இருந்தால், குழாய் கழற்றி வீட்டுக்கு வந்த பிறகு தேவையா என்று கேட்கலாம். பெரும்பாலும் தேவைப்படாது. துவாரம் ஆறிவந்து, 'தொடங்கலாம்' என்ற சொல் வந்த அன்று உங்களுக்கு வேண்டியது ஒரு பிடி பச்சரிசியும் நல்ல வலைத்துணியும்தான். குழைய வேகவைத்து, இரண்டு தடவை வடித்து, டொக்டர் சொன்ன அளவு உப்புப் போட்டு, இளஞ்சூட்டில் ஒரு சின்னக் கரண்டியால் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் அவரோடு இருந்து, வயிறு உப்புகிறதா, துவாரப் பையில் வருவது கூடுகிறதா என்று பாருங்கள். முதல் நாளில் பத்து கரண்டிக்கு மேல் அம்மா கேட்டாலும் கொடுக்காதீர்கள்.